கட்டைச் செட் கண்காட்சியின் வரைவு விதிகள் குறித்து ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். ஓணம் விடுமுறையில் பாலக்காட்டில் நடக்கவிருக்கும் கண்காட்சிக்காக நீங்கள் தயாரித்து உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்பிய வரைவு விதிகளைப் படித்தேன். கோவை, பொள்ளாச்சி, சித்தூர், பாலக்காடு என வாளையாற்றுக்கு இருபுறமும் சிதறிக் கிடக்கும், லெகோ என்னும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளின் பித்தர்களை ஒரே மண்டபத்துக்குள் கொண்டுவர நீங்கள் படும் பாட்டை அறிவேன். மீசை நரைத்தவர் பொம்மைக் கடையில் தனக்கென்று பெட்டி வாங்கினால் கடைக்காரரே ஒரு மாதிரியாகப் பார்க்கும் ஊர்களில், மண்டபம் பேசி முன்பணம் கொடுக்கும் அளவுக்குக் காரியம் நடந்திருப்பது சாதாரணமல்ல. ஆனால் அந்த விதிகளில் இரண்டு, இந்தப் பொழுதுபோக்கின் அடிமடியிலேயே கைவைப்பதாக எனக்குப் படுகிறது. உறுப்பினர்கள் பலர் தங்களுக்குள் முணுமுணுத்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருப்பதால், தனிக்கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து, கஞ்சிக்கோட்டில் பிளாஸ்டிக் வார்க்கும் பட்டறை ஒன்றில், அச்சுகளைச் செப்பனிடும் டூல் ரூமில் வேலை பார்ப்பவன். பகலெல்லாம் அச்சுகளின் பிசிரை அறுத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து மற்றவர் வார்த்த கட்டைகளைக் கையில் எடுத்துக்கொள்பவன் என்பதால், இந்த மடலில் தொழிலின் வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வரைவின் முதல் விதி, நுழைவாயிலுக்கு நேரெதிரே உள்ள மேசைகளை, ஒரு மாதிரியைக் கட்டத் தேவையான துண்டுகள் அடங்கிய செட்களின் பிரிக்காத பெட்டிகளுக்கு ஒதுக்குகிறது. அவற்றின் இன்றைய சந்தை விலையைக் கூட்டி, கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவருக்கே முதல் பரிசு என்கிறது. இந்தக் கணக்கு யாருடைய எந்தத் திறமையை அளக்கிறது என்று கேட்கிறேன். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது. 2023இல் 70 சதவீதமானது. அதன் பிறகு பெரிய செட்டை இங்கேயே கடையில் வாங்குவது மாதச் சம்பளக்காரருக்கு எட்டாக்கனியாகிவிட்டது. துபாயிலோ தோஹாவிலோ மைத்துனர் இருந்து, அவர் விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் இடமும் இருந்தால்தான் அது வீடு வந்து சேர்கிறது. வளைகுடாவில் ஆள் இருப்பது குற்றமல்ல. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அந்தப் பணத்தில் எழுந்தவைதான். ஆனால் அதற்குப் பரிசும் கோப்பையும் கொடுப்பதென்றால், கோப்பையை மைத்துனருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

விலை ஏறுகிறதே, அதுவும் சேகரிப்பின் ஒரு பகுதிதானே என்று உங்களில் சிலர் வாதிடுவீர்கள். ஏறுவது உண்மைதான். மாஸ்கோவின் உயர்நிலைப் பொருளாதாரப் பள்ளி என்னும் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரை வெளிவந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செட்களின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீதம் அளவுக்கு ஆதாயம் இருந்ததாகக் கண்டார்கள். இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நம்மிடையே கட்டை வாங்குகிறவர்களும் பங்குச்சந்தைக்காரர்களைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஆய்விலேயே விலை சரிந்த செட்களும் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. தாஜ்மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் 5,922 துண்டுகளோடு வந்த அந்தச் செட், விற்பனையிலிருந்து நீங்கிய பிறகு பல மடங்கு விலைக்குக் கைமாறியது. 2017இல் நிறுவனம் அதையே 5,923 துண்டுகளோடு வேறு எண்ணில் மறுபடியும் வெளியிட்டது. பழைய பெட்டியைப் பிரிக்காமல் பரண்மேல் வைத்துக் காத்திருந்தவர்களின் கணக்கு ஒரே அறிவிப்பில் கலைந்தது. அதே செட்டை 2008லேயே வாங்கிப் பிரித்துக் கட்டி, பேரன் பேத்திகளோடு சேர்ந்து மினாரைத் தூக்கி நிறுத்தியவருக்கு அந்த அறிவிப்பால் ஒன்றும் நட்டமில்லை. பெட்டியை விற்பதற்காக வைத்திருப்பது அவரவர் உரிமை. அது வியாபாரம், வியாபாரத்துக்கு மண்டபத்தின் பின்புறம் ஒரு மேசை போடுங்கள், நானே அங்கே வந்து பேரம் பேசுவேன். முன்மேசையும் முதல் பரிசும் வேறு காரியத்துக்கு உரியவை.

அந்த வேறு காரியம் எது என்பதற்கு, பெட்டிக்குள் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். டென்மார்க்கின் பில்லுன்ட் என்ற சிற்றூரில், லெகோவை நிறுவிய ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 1949இல் அவர்கள் வார்த்த பிளாஸ்டிக் கட்டை, மேலே குமிழும் உள்ளே வெற்றிடமுமாக இருந்தது. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். 1958 ஜனவரி 28 அன்று அவருடைய மகன் காட்பிரெட் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தில்தான், கட்டையின் உட்புறத்தில் குழாய்கள் வந்தன. கீழ்க்கட்டையின் குமிழ் மேல்கட்டையின் குழாய்க்கும் சுவருக்கும் இடையே இறுகப் பொருந்துவதால், குழந்தையின் விரல் பிரிக்கக்கூடிய, ஆனால் தானாகப் பிரியாத பிடிப்பு கிடைத்தது. அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அச்சுகள் நாலைந்து மைக்ரான் துல்லியத்துக்குள் இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. மனிதத் தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துல்லியம் பெட்டியின் மேலட்டையில் தெரியாது. இரண்டு கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழுத்தும்போது விரல் நுனிக்குத்தான் தெரியும். ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம். வெகுகாலம் 10,29,81,500 என்றே சொல்லிவந்தார்கள். அது ஆறையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோபுரமாக மட்டும் அடுக்கும் கணக்கு என்பதைக் காட்டி, சோரன் ஐலர்ஸ் என்ற டேனிஷ் கணித அறிஞர் கணினியின் துணையோடு எண்ணிக்கையைத் திருத்தினார். பெட்டியைப் பிரிக்காதவருக்கு அத்தனை கோடியில் ஒன்றுகூட வாய்ப்பதில்லை.

பிரிக்காமல் வைத்தால் பொருள் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையும் நம் தட்பவெப்பத்தில் செல்லாது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சுவரலமாரியில் இருக்கும் துணியே ஈரம் கோத்துக்கொள்கிறது. அட்டைப்பெட்டி மட்டும் விறைப்பாக நிற்குமா? மூலைகள் நைந்து, உட்புறம் பூஞ்சை பூத்து, இராமபாணப்பூச்சி வழிகாட்டிப் புத்தகத்தின் ஓரத்தை அரித்துவிடும். கரையானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்டிக்குள்ளே காலமும் தன் வேலையைச் செய்கிறது: ஸ்டிக்கரின் பசை உலர்ந்துபோகும், ரப்பர் வளையங்கள் தொட்டதும் அறுபடும். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்த செம்பழுப்பு, அடர்சிவப்பு, அடர்பழுப்புக் கட்டைகள் பொறபொறத்து விரிசல் விடுவது சேகரிப்பாளர் அனைவரும் அறிந்த சங்கதி. பிரிக்காத பெட்டிக்குள் எத்தனை துண்டு கீறியிருக்கிறது என்று நடுவர் எப்படிப் பார்ப்பார்? பார்க்கவே முடியாத ஒன்றுக்கு மதிப்பெண் போடும் போட்டியை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

பிரித்துக் கட்டியவருக்கும் சோதனைகள் உண்டு, அவற்றைச் சமாளிப்பதில்தான் சேகரிப்பாளரின் கைத்திறன் இருக்கிறது. மார்கழி தையில் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று, சன்னலைச் சாத்தியிருந்தாலும் மெல்லிய புழுதியைக் கொண்டுவந்து குமிழ்களின் இடுக்கில் படியவிடும். துணியால் துடைத்தால் புழுதி இடுக்குக்குள்ளேயே ஒதுங்கும். பெயின்டரிடம் வாங்கிய அகலமான மென்தூரிகைதான் எடுக்கும். மாசி பங்குனி வெயில் நேரடியாகப் பட்டால் வெள்ளையும் சாம்பலும் பழுத்துப்போகும். கட்டைகளை வார்க்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இருக்கும் பியூட்டாடையீன் பகுதி புறஊதாக் கதிரில் ஆக்சிஜனோடு வினைபுரிவதால் வரும் மஞ்சள் அது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டினால் வெள்ளை திரும்பும். ஆனால் நிலைக்காது, மீண்டும் மஞ்சளாகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வடக்குப் பார்த்த அறையும் கனமான திரைச்சீலையும் எந்த மருந்தையும்விட மேல்.

பழைய கட்டைகளை மீட்டெடுப்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பொழுதுபோக்கின் உச்சம். உங்கள் வரைவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கோவையில் குடும்பம் ஒன்று வீடு மாறும்போது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஒரு சாக்கு நிறையக் கட்டைகளைப் பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரருக்கு எடைக்குப் போடுகிறார்கள். அதற்குள் கிரேயான் துண்டு, உடைந்த கார்ச் சக்கரம், ஊக்கு, கொட்டாங்கச்சி எல்லாம் கிடக்கும். அதைக் காய்கறி வலைப்பையில் போட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. பிறகு பழைய வேட்டியை விரித்து, தண்ணீர் தேங்காதபடி குமிழ் மேலாக அடுக்கி, நிழலில் விசிறிக்கு அடியில் உலர்த்த வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நிறவாரியாகத்தான் பிரிப்பார்கள். கறுப்புக் குவியலுக்குள் ஒரு கறுப்புப் பொடித் துண்டைத் தேடிப் பார்த்தால் தெரியும் அந்த வேதனை; வடிவவாரியாகப் பிரித்தால் நிறம் தானாகவே கண்ணில் படும்.

அதன்பிறகு துப்பறியும் வேலை தொடங்குகிறது. கட்டையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால், உட்சுவரில் பொடி எழுத்தில் எண் இருக்கும். எட்டுக் குமிழ்க் கட்டைக்கு 3001, நான்கு குமிழுக்கு 3003, ஒற்றைக் குமிழுக்கு 3005. 1963க்கு முன்பு வார்த்தவை செல்லுலோஸ் அசிடேட் என்பதால் லேசாக முறுக்கியிருக்கும். விளிம்பை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். அந்த எண்களைக் கொண்டு, 2000இல் டான் ஜெசெக் தொடங்கி 2019இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்ட, கட்டைகளை வாங்கி விற்கும் இணையதளமான பிரிக்லிங்கின் பட்டியலில் தேடினால், அந்தச் சாக்கு ஒருகாலத்தில் எந்தெந்தச் செட்களாக இருந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்படும். நூற்றுச் சொச்சம் துண்டுள்ள ஒரு பழைய தீயணைப்பு வண்டியை, இரண்டே இரண்டு துண்டு குறைவாக, இப்படிச் சாக்கிலிருந்து எழுப்பிய ஒருவர் நம் உறுப்பினர்களிலேயே இருக்கிறார். உங்கள் விலைக்கணக்கில் அவருடைய மேசைக்குச் சில நூறு ரூபாய்தான் மதிப்பு. முதல் பரிசு அவரைப் போன்றவருக்குப் போக வேண்டும் என்பதே என் கோரிக்கை. துண்டுகளின் நிலை, முழுமை, விடுபட்டவற்றை எப்படி ஈடுசெய்தார், அந்தச் செட்டைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பவற்றுக்கு மதிப்பெண் கொடுத்தால், சம்பளமும் மைத்துனரும் கணக்கிலிருந்து தாமாக விலகிவிடும்.

இரண்டாவது விதிக்கு வருகிறேன். லெகோ நிறுவனத்தின் கட்டைகளைத் தவிர வேறு எதுவும் மண்டபத்துக்குள் வரக்கூடாது, மற்றவை அனைத்தும் ‘போலி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தூய்மைவாதம் வரலாற்றோடு ஒட்டாது. இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை 1947லேயே விற்றுக்கொண்டிருந்தார். பில்லுன்ட்காரர்கள் வார்ப்பு இயந்திரம் வாங்கிய காலத்தில் அந்தக் கட்டையைப் பார்த்து, அதைத் தழுவித்தான் தங்களுடைய 1949ஆம் ஆண்டுக் கட்டையை வார்த்தார்கள். இதை அவர்களே மறைக்கவில்லை. பிற்பாடு 1981இல் கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமையையும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே குழாய் வைத்த அந்த முன்னேற்றம் முழுக்க முழுக்க அவர்களுடையது, அதற்குரிய காப்புரிமைக் காலத்தையும் அவர்கள் அனுபவித்து முடித்துவிட்டார்கள். காப்புரிமை போனபின் கட்டையின் வடிவத்தையே வணிகச்சின்னமாகப் பாதுகாக்கக் கேட்டபோது, கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010இலும் மறுத்துவிட்டன. குமிழ் இருப்பது அழகுக்காக அல்ல, வேலை செய்வதற்காக. வேலை செய்யும் வடிவத்தை ஒருவர் என்றென்றைக்கும் தன் பெயரில் எழுதிவைத்துக்கொள்ள முடியாது என்பதே இரண்டு தீர்ப்புகளின் சாரம். ஆகவே இன்னொரு நிறுவனம் தன் பெயரைப் போட்டு, தன் வடிவமைப்பில், பொருந்தக்கூடிய கட்டை வார்த்து விற்றால் அது போலியல்ல, போட்டி.

திருட்டு வேறு, அதற்கு மண்டபத்தில் இடம் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். லெபின் என்ற பெயரில் சீனாவிலிருந்து வந்தவை, இன்னொருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வடிவமைத்த செட்டை, பெட்டிப் படத்திலிருந்து வழிகாட்டிப் புத்தகம்வரை அப்படியே நகலெடுத்தவை. 2019இல் ஷாங்காய் போலீசார் அந்தக் கூட்டத்தைப் பிடித்தார்கள். மறு ஆண்டு முதன்மைக் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வடிவமைப்பாளரின் உழைப்பைக் களவாடிய செட்டைத் தடை செய்யுங்கள். ஆனால் அந்தத் தடையையும், வேலந்தாவளத்துப் பையன் தேர்க்கடையில் வாங்கிய உள்ளூர்க் கட்டைகளால் தானே யோசித்துக் கட்டிய லாரியையும் ஒரே விதிக்குள் போட்டுக் கட்டுவது நியாயமில்லை.

உள்ளூர்க் கட்டைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று நான் சொல்லவரவில்லை. பலவற்றை வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்திருக்கிறேன். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையத்துக்கு 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எட்டுக் குமிழ்க் கட்டையின் நீளம் 31.8, அகலம் 15.8, குமிழ் நீங்கலாக உயரம் 9.6. நான்கு எட்டு முப்பத்திரண்டாக இல்லாமல் 0.2 குறைவாக இருப்பது, பக்கத்துக் கட்டையோடு உரசாமல் அமர்வதற்காக விட்ட இடைவெளி. ஏபிஎஸ் ஆறும்போது அரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும். பாலிபுரொப்பிலீன் என்னும் வேறொரு பிளாஸ்டிக் ஒன்று முதல் இரண்டரை சதவீதம்வரை சுருங்கும். விலை மலிவு என்பதற்காக, ஏபிஎஸ்ஸுக்கு வெட்டிய அச்சில் பாலிபுரொப்பிலீனை நிரப்பினால் என்ன ஆகும்? ஒற்றைக் கட்டையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நாற்பது குமிழ் நீளத்துக்குச் சுவர் எழுப்பினால், 320 மில்லிமீட்டரில் ஒரு சதவீதம் என்று வைத்தாலே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் குறையும். ஏறத்தாழ ஒரு பிளேட்டின், அதாவது தட்டையான துண்டின், கனம். சுவரின் கடைசிக் கட்டை உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும்போது பையன் தனக்குக் கட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறான். தவறு அவனுடையதல்ல, அச்சுக்குப் பொருந்தாத மூலப்பொருளைப் போட்டவருடையது. இதற்கு நேர்மாறாக, வெர்னியரில் குறை காணவே முடியாத, பிடிப்பும் சரியாக உள்ள இந்தியக் கட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. பெயரைப் பார்த்து வாசலில் மறிப்பதற்குப் பதிலாக, எந்தக் கட்டை என்பதை ஒவ்வொருவரும் தம் அட்டையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக என் வெர்னியரை மேசைமேல் வைக்கிறேன்.

பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தும் விதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனம் 2020லிருந்து பெரியவர்களுக்கான செட்களைக் கறுப்புப் பெட்டியில் ‘18+’ என்று போட்டு விற்பதைப் பார்த்து நமக்கும் கொஞ்சம் கனம் கூடிவிட்டது போலும். ஒன்பதாயிரம் துண்டுள்ள டைட்டானிக்கைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், புரிகிறது. ஆனால் மண்டபத்துக்குள்ளேயே தாழ்வான மேசை ஒன்றில் பொதுக்கட்டைகளைக் கொட்டி வையுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால் முத்திரையுள்ள கட்டைகளாகவே வாங்கலாம்; வாயில் போட்டுக்கொள்ளும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பெரிய கட்டைகளைத் தனியே வைத்தால் போதும்.

வரைவில் சொந்தப் படைப்புகளுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறீர்கள், கடைசி வரிசையில், கழிப்பறைக்குப் போகும் வழியில். மண்டபத்தின் நடுவில் இருக்க வேண்டியது அதுதான். நம் ஊர்களைச் செட்டாக்கி பில்லுன்டிலிருந்து யாரும் அனுப்பப்போவதில்லை. அது நம் வேலை. ஹைதர் அலி 1766இல் எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டை, சதுரமும் மூலைக் கொத்தளங்களும் அகழியுமாகக் கட்டைக்கென்றே வடித்தது போன்றது. பாலக்காடு மதராஸ் மாநிலத்தில் இருந்தபோது கட்டி, 1955இல் காமராஜர் திறந்துவைத்த மலம்புழை அணையின் மதகுகளை, சாம்பல் பிளேட்டுகளை நிற்க வைத்துச் செய்யலாம். கல்பாத்தி அக்ரகாரத்தின் வீடுகள் பொதுச்சுவரோடு ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை என்பதால், ஒருவர் ஒரு வீடாகக் கட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாகச் சேர்த்தால் ஒரு தெருவே எழுந்துவிடும். பதினாறு குமிழ் அகலம், திண்ணைக்கு இரண்டு பிளேட் உயரம் என்று அளவை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் போதும். ஓட்டுக்கூரைக்கு 33 டிகிரிச் சரிவுக் கட்டை 45 டிகிரியைவிடப் பொருத்தமாக இருக்கும். நிறத்துக்குச் செம்பழுப்பு கண்ணுக்கு அழகுதான், ஆனால் கீறிவிடும் பழைய கட்டைகளை வைத்துக் கூரை போட்டால் மாலைக்குள் ஓடு உதிரும். புதிய வார்ப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். சித்தூர்ப் பக்கத்துப் பனைமரங்களை நான் கொண்டுவருகிறேன். உருளைக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகினால் தண்டு வந்துவிடுகிறது. ஓலை மட்டையின் விசிறி வடிவத்தைக் கட்டையில் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கீல்த் துண்டுகளை வட்டமாகக் கோத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று: அறிவிப்புப் பலகைகளும் காட்சி அட்டைகளும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் என்று வரைவு சொல்கிறது. வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் தமிழும் பாதிப்பேர் மலையாளமும் படிப்பவர்கள். இரண்டிலும் எழுதித் தர ஆள் நம்மிடம் இருக்கிறார்கள். தமிழ் அட்டைகளை நான் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் நீங்கள் கூடும்போது இந்த மடலை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, முதல் இரண்டு விதிகளையாவது உறுப்பினர்களின் கைதூக்கலுக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன். வாக்கு எனக்கு எதிராகப் போனாலும் மேசை தூக்கவும் விளக்குக் கட்டவும் முந்தின நாளே வந்துவிடுவேன். மண்டபத்து மேசைகளின் நீள அகலத்தை யாராவது அளந்து சொன்னால் நல்லது. கல்பாத்தித் தெருவுக்கு எத்தனை வீடு வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருவர்